கன்னிமாராவின் பழைய கூடமும் மேல வெளி வீதி மன்றமும்: நூலகத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும்?

வைகைக்கரையான்

சென்ற மாதம் ஓர் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகச் சென்னைக்குப் போனவன், பந்தியிலிருந்து எழுந்த கையோடு எழும்பூர் பாந்தியன் சாலைக்குப் போனேன். (அந்தப் பெயரை இருபது வயது வரையில் பாண்டியன் சாலை என்றே நினைத்திருந்த மதுரைக்காரன் நான்.) அருங்காட்சியகத்தை ஒட்டியிருக்கும் கன்னிமாரா பொது நூலகத்தின் பழைய கூடத்தை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அன்றாட வாசிப்பெல்லாம் 1970களில் எழுந்த புதுக் கட்டடத்தில் நடப்பதால், பழைய கூடம் எந்நாளும் எல்லோருக்கும் திறந்திருப்பதில்லை. என் நல்ல நேரம், அன்று உள்ளே விட்டார்கள்.

என்னோடு வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து, வளைவுகளில் இலையும் கொடியுமாக ஓடும் சுதை வேலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டடப் பொறியாளராக முப்பது ஆண்டுகள் உழைத்த என் கண் வேறொன்றைத் தேடியது. அந்தக் கூடத்தில் வெளிச்சம் பக்கவாட்டில் அடிக்கவில்லை; உயரத்திலிருந்து, வண்ணக் கண்ணாடியில் வடிந்து, இறங்கி வந்தது. சுவரில் ஒரு சன்னல் வைத்தால் அந்த அகலத்துக்கு அலமாரி வைக்க முடியாது என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். வெளிச்சத்தை மேலே ஏற்றிவிட்டால் கீழே சுவர் முழுவதும் நூல்களுக்கு மிச்சமாகிறது. வெயிலும் நேராக நூலின் மேல் விழுவதில்லை. 1890 மார்ச் 22 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு 1896 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்தை வரைந்தவர் ஹென்றி இர்வின், கட்டி முடித்தவர் ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டி என்பதெல்லாம் பலரும் எழுதியவை. சுவரை நூலுக்கும் கூரையை வெளிச்சத்துக்கும் பிரித்துக் கொடுத்த அந்தக் கணக்கைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை.

மறுநாள் காலை மதுரை ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தவுடன் மேல வெளி வீதியில் விக்டோரியா எட்வர்டு மன்றத்தைப் பார்த்தேன். ஆயிரம் முறை கடந்து போன கட்டடம்தான், ஆனால் அன்று வேறு மாதிரித் தெரிந்தது. நூலகம் என்றும் மன்றம் என்றும் ரீகல் தியேட்டர் என்றும் மூன்று பெயரில் மதுரை அறிந்த அந்தக் கட்டடம், நூலகமாகவே நினைத்துக் கட்டப்பட்டதா, அல்லது ஒரு பொதுக் கூடத்துக்குள் நூல்கள் குடியேறினவா என்பதே என் கேள்வி. இரண்டுக்கும் கட்டடக் கலையில் என்ன வேறுபாடு என்பதையும் இங்குள்ளவர்கள் சொன்னால் கற்றுக்கொள்வேன்.

நான்மாடக்கூடல்

ஐயா, உங்கள் கேள்விக்கான விடையில் பாதி பெயரிலேயே இருக்கிறது. அது ‘மன்றம்’. விக்டோரியா அரசி, அவருக்குப் பின் அரியணை ஏறிய ஏழாம் எட்வர்டு ஆகிய இருவரின் பெயரையும் தாங்கியிருப்பதால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கட்டடம் என்பதும் தெளிவு. அந்தக் காலத்தில் அரசியின் நினைவாகப் பல ஊர்களில் எழுந்த மண்டபங்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கூட்டம் போடவும், சொற்பொழிவு கேட்கவும், நாளிதழ் படிக்கவும், சில இடங்களில் நாடகம் பார்க்கவும் கட்டப்பட்டவை. நூல்கள் அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை. ஒற்றைப் பிள்ளை அல்ல.

அது நிற்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். இன்று வெளி வீதி என்று நாம் நடக்கும் இடம் கோட்டை மதில் நின்ற பகுதி. 1837க்குப் பிறகு, கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், மதிலை இடித்து அகழியைத் தூர்த்து வீதிகள் அமைத்தார்கள். அந்த வேலையோடு தொடர்புடையவர்களின் பெயர்களே மாரட் வீதியிலும் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆவணி வீதி, மாசி வீதி என்று கோயிலை மையமாக வைத்து வளர்ந்த ஊரின் விளிம்பில், கோயிலைப் பாராமல் ரயிலைப் பார்த்து ஒரு பொதுக் கட்டடம் எழுந்தது என்றால், நகரம் எந்தப் பக்கம் திரும்பியது என்பது விளங்குகிறது. ஊருக்குள் வருகிறவர் முதலில் காணும் கட்டடங்களில் ஒன்றாக அது இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. கன்னிமாராவையும் சென்னை உயர் நீதிமன்றத்தையும் பார்த்து ‘இந்தோ சாரசெனிக்’ (இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கூறுகள் கலந்த பாணி) என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பாணி சென்னையில் உருவாவதற்கு முன் பாடம் படித்த இடங்களில் ஒன்று நம் திருமலை நாயக்கர் மகால். 1636இல் கட்டப்பட்ட மகால் பாழடைந்து கிடந்த நிலையில், சென்னை ஆளுநர் நேப்பியர் அதைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். அந்தப் பணியில் ஈடுபட்டவர் ராபர்ட் சிசோம். மாநிலக் கல்லூரியையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தையும் வரைந்த அதே சிசோம்தான். மதுரையின் வளைவுகளை அளந்த கை சென்னையில் வரைந்தது என்று சொன்னால் மிகையாகாது.

மாடக்குளம் மாணவி

கட்டடக் கலை நான்காம் ஆண்டு படிக்கிறேன். ‘மிகையாகாது’ என்ற சொல்லோடு எனக்குச் சிறிய சண்டை இருக்கிறது, மன்னிக்க வேண்டும். சிசோம் மகாலிலிருந்து கற்றார் என்பது சரி. கன்னிமாராவை வரைந்தவர் சிசோம் அல்லர். அவருக்குப் பின் அரசின் ஆலோசனைக் கட்டடக் கலைஞராக வந்த இர்வின். அவர் மதராசுக்கு வருவதற்கு முன்பே சிம்லாவில் வைசிராய் மாளிகையை வரைந்தவர். அந்த மாளிகையில் நம் ஊர்ச் சாயல் எதையும் காண முடியாது. பின்னாளில் மைசூர் அரண்மனையையும் அவர்தான் வரைந்தார். இடத்துக்குத் தக்கபடி பாணியை மாற்றிக்கொள்ளத் தெரிந்த ஒருவரின் வேலையை, நேர்க்கோட்டில் மதுரைக்குக் கொண்டுவந்து முடிச்சுப் போடுவதில் ஊர்ப் பற்றுதான் கூடுதலாகத் தெரிகிறது.

ஆனால் மகாலை இந்தப் பேச்சில் வைத்திருக்க வேறொரு காரணம் உண்டு. மகாலின் அரசவைக் கூடமான சொர்க்க விலாசத்தில் உத்திரமோ கம்பியோ இல்லாமல் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் மட்டும் கவிகை மாடத்தை நிறுத்தியிருக்கிறார்கள். அத்தகைய கூரையில் சுமை வளைவு வழியாகத் தூணுக்கு இறங்குவதால், வளைவுக்குக் கீழே உள்ள சுவர் சுமை தாங்க வேண்டியதில்லை, திறந்தே விடலாம். நூலகத்துக்கு வளைவு ஏன் பொருந்துகிறது என்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். தட்டையான உத்திரக் கூரையின் கீழ் அகலமான திறப்பு வைத்தால் மேலே உள்ள சுவரைத் தாங்க நீண்ட கல்லோ மரமோ வேண்டும். வளைவு அதைச் சிறு சிறு செங்கற்களால் செய்துவிடுகிறது. ஆகவே, படம் பிடித்தவர்கள் தவறான இடத்தைப் பார்க்கவில்லை, ஐயா; சுதைக் கொடியைப் பார்த்தவர்கள் அது ஓடும் வளைவு என்ன வேலை செய்கிறது என்று கேட்காமல் விட்டார்கள், அவ்வளவே.

வைகைக்கரையான்

திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன், மகளே. படம் பிடித்தவர்களிடமும் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆரப்பாளையத்தார்

ரீகலில் ஆங்கிலப் படம் பார்த்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். பகலில் நூலகம், மாலையில் தியேட்டர் என்பதைக் கேட்டால் என் பேரப்பிள்ளைகள் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். மற்றத் தியேட்டர்கள் காலைக் காட்சி, பகல் காட்சி என்று ஓடிக்கொண்டிருந்தபோது இங்கே மாலைக்குப் பிறகுதான் படம். வாசகர்களுக்கு இடையூறு இல்லாமல் இருப்பதற்காக என்பார்கள். இந்த இழையைப் படித்த பிறகு வேறொரு காரணமும் தோன்றுகிறது. இது என் ஊகம் மட்டுமே. படிப்பதற்கு வெளிச்சம் வேண்டும் என்று கட்டப்பட்ட கூடத்தைப் பகலில் இருட்டாக்குவது பெரும்பாடு. சூரியன் இறங்கிய பிறகு இருட்டு காசில்லாமல் கிடைக்கிறது. ஒரே கூடம் பகலில் ஒரு வேலையும் இரவில் அதற்கு நேர் எதிரான வேலையும் செய்ததென்றால், அதற்கு மணியடித்தது கதிரவன்தான்.

தெப்பக்குளத்து நூலகர்

ஒரு கல்லூரி நூலகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். கட்டடக் கலைஞர்கள் வெளிச்சத்தைப் புகழ்வார்கள். நூலகர்கள் அதைச் சந்தேகத்தோடுதான் பார்ப்போம். நேர் வெயில் பட்ட அட்டை ஓரிரு கோடையில் வெளுத்துப் போகும், தாள் பழுத்து நொறுங்கும். வாசகருக்கு வெளிச்சம், நூலுக்கு நிழல் என்ற இரண்டையும் ஒரே கூடத்தில் கொடுப்பதுதான் நூலகக் கட்டடத்தின் முதல் சிக்கல். கன்னிமாரா அதைக் கூரையில் தீர்த்தது. பக்கச் சன்னல் மட்டுமே உள்ள கட்டடங்களில் நாங்கள் அலமாரியைத் திருப்பித் தீர்ப்போம். சன்னல் சுவருக்கு இணையாக அலமாரியை நிறுத்தினால் முதல் வரிசை வெயிலில் காயும், அதன் பின்னால் உள்ள வரிசைகள் இருட்டில் கிடக்கும். சுவருக்குக் குறுக்காக நிறுத்தி, இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் உள்ள நடைபாதை ஒவ்வொன்றுக்கும் ஒரு சன்னல் வருமாறு அமைத்தால், வெளிச்சம் நடைபாதை வழியாக உள்ளே போகும்; நூல்களின் முதுகில் சாய்வாக மட்டுமே படும். இதற்குச் சன்னல்களுக்கு இடையே உள்ள தூரமும் அலமாரிகளுக்கு இடையே உள்ள தூரமும் ஒத்துப்போக வேண்டும். ஒரு கட்டடம் நூலகமாக நினைத்துக் கட்டப்பட்டதா என்று அறிய விரும்புகிறவர் முகப்பைப் பார்க்க வேண்டாம். சன்னலுக்குச் சன்னல் தூரத்தை அளந்தால் போதும்.

ஏட்டுச் சுவடிகளுக்கு இந்தத் தொல்லையே இருந்ததில்லை. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது சங்கத்தோடு பாண்டியன் புத்தகசாலையும் அமைந்தது. சுவடிகளும் அச்சு நூல்களும் அருகருகே இருந்த காலம் அது. சுவடி துணியில் சுற்றப்பட்டுப் பெட்டிக்குள் இருக்கும். புல்லெண்ணெய் தடவுவார்கள், வசம்பு போடுவார்கள், ஆண்டுக்கு ஒரு முறை எடுத்துத் துடைப்பார்கள். அதற்குப் பெட்டிதான் வீடு; பெட்டி எந்தக் கட்டடத்தில் இருந்தாலும் சரி. அச்சு நூல் ஆயிரக்கணக்கில் வந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்று ஆன பிறகுதான் கட்டடமே பெட்டியின் வேலையைச் செய்ய வேண்டிய கட்டாயம் வந்தது.

கரையான் பெயரில் ஒருவர் நூலகத்தைப் பற்றி இழை தொடங்கியிருப்பதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பகீர் என்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வைகைக்கரையான்

அம்மா, நான் கரையில் வாழ்பவன் மட்டுமே. மரத்தையும் தாளையும் தொடுவதில்லை.

சன்னல் தூரத்தை அளக்கச் சொன்னது எனக்குத் தோன்றாத அளவுகோல். அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நூலகச் சன்னலை வடக்குப் பக்கம் வை, அங்கே வெயில் வராது என்று பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. அது ஐரோப்பாவுக்கு எழுதப்பட்ட விதி. மதுரை ஏறத்தாழ 10 பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரை பிறந்த சில நாள்களில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதன் பிறகு ஆகஸ்டு கடைசி வாரம் வரையில் வடக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. நமக்கு வெயில் கொடியதாக இருக்கும் மாதங்களில் வடக்குச் சன்னல் நிழல் சன்னல் அன்று. ஜூன் 21ஆம் நாள் நண்பகலில் சூரியன் செங்குத்திலிருந்து பதின்மூன்று பாகைக்குச் சற்று அதிகமாக வடக்கே சாய்ந்திருப்பதால், இரண்டு மீட்டர் உயரச் சன்னலை மறைக்க அரை மீட்டர் சன்ஷேடு போதும். சிக்கல் காலையும் மாலையும்தான். வடகிழக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் தாழ்வாக வரும் வெயிலைச் சன்ஷேடு தடுக்காது. அதற்குத் தாழ்வாரம் வேண்டும். வெள்ளைக்காரர்கள் கட்டிய பழைய கட்டடங்களில் சுற்றுத் தாழ்வாரத்தை அழகுக்காக வைத்தார்கள் என்று நினைப்பவர்கள் மே மாதம் மாலை ஐந்து மணிக்கு அதில் நின்று பார்க்க வேண்டும். அவர்களுக்கு முன்பே நம் திண்ணைக்கு இது தெரியும் என்பது வேறு.

கீழமாசி வாசகன்

எல்லாம் படிக்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் புது நத்தம் சாலையில் இருக்கிறது. இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல் பரப்பு, குளிர்சாதன வசதி, லிஃப்ட், குழந்தைகளுக்குத் தனிப் பகுதி. என் தங்கை போட்டித் தேர்வுக்கு அங்கேதான் படிக்கிறாள். அவளை மேல வெளி வீதிப் பழைய கட்டடத்துக்குப் போ என்று சொல்ல எனக்கு மனம் வராது. சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் பழைய கட்டடங்களின் படிகளை எப்படி ஏறுவார்? வளைவும் வண்ணக் கண்ணாடியும் அண்ணாந்து பார்க்க நன்றாக இருக்கும். படிக்க வருகிறவர் குனிந்துதான் படிக்கிறார்.

தெப்பக்குளத்து நூலகர்

தம்பி சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. சீர்காழிக்காரரான நூலக அறிவியலாளர் ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்காக எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. ஐந்தாவது, நூலகம் வளரும் உயிர் என்பது. வளரும் உயிருக்கு அளவெடுத்துத் தைத்த கல்சட்டை பொருந்தாது. கன்னிமாராவுக்கும் அதுதான் நேர்ந்தது. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி 1950இல் அது மாநில மைய நூலகமானது. பிறகு இந்தியாவில் வெளியாகும் நூல்களின் ஒரு படியைப் பெறும் நான்கு நூலகங்களில் ஒன்றாகவும் ஆனது. நாடு முழுவதிலிருந்தும் வரும் நூல்களை இர்வின் வரைந்த கூடம் எத்தனை நாள் தாங்கும்? புதுக் கட்டடம் எழுந்தே தீர வேண்டியிருந்தது. பழைய கூடத்தை இடிக்காமல், அதைப் பழைய நூல்களுக்கு விட்டுவைத்ததுதான் அங்கே நடந்த நல்ல முடிவு.

வைகைக்கரையான்

‘தாங்கும்’ என்ற சொல்லை அம்மா இடத்தைப் பற்றிச் சொன்னார். நான் எடையைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ சுமை என்று கணக்கிட்டு வடிவமைப்போம். நூல் அடுக்கும் அறைக்கு இந்தியத் தர விதி கேட்பது 600 கிலோ; அதுவும் 2.2 மீட்டர் உயர அடுக்குக்கு மட்டும். அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு 200 கிலோ கூட்ட வேண்டும். படிக்கும் அறைக்கு அந்த 600 கிலோவில் பாதி, அல்லது சற்றுக் கூடுதல். பழைய கட்டடங்களின் மாடித் தளம் பெரும்பாலும் மர உத்திரத்தின் மேல் அமைந்த மெட்ராஸ் டெரஸ். அதன் மேல் இன்றைய நெருக்கமான இரும்பு அடுக்குகளை வரிசையாக நிறுத்துவது, கிழவர் தோளில் நெல் மூட்டையை ஏற்றுவது போன்றது. பழைய கட்டடத்தை நூலகமாகவே தொடர வேண்டும் என்று சொல்பவர்கள், தரைத்தளத்தில் நூல், மாடியில் வாசிப்பு என்ற அடிப்படை ஒழுங்கையாவது கேட்க வேண்டும்.

சக்கர நாற்காலி பற்றிய கேள்விக்கு என்னிடம் பெருமையான விடை இல்லை. சாய்தளம் ஒன்றைக் கட்டடத்தின் பக்கவாட்டில், பழைய சுவரோடு ஒட்டாமல், தனியாக நிற்கும்படி அமைக்கலாம். முடியும் என்று தெரிந்தும் செய்யாத இடங்கள்தான் கண்ணில் அதிகம் படுகின்றன.

கொத்தனார் மகன், திருமங்கலம்

என் அப்பாவும் தாத்தாவும் கொத்தனார்கள். நான் கணக்கு வேலை பார்க்கிறேன். ஆனாலும் கரண்டி பிடிக்கத் தெரியும். மெட்ராஸ் டெரஸ் என்று ஐயா ஒரு சொல்லில் கடந்துவிட்டதை விரித்துச் சொல்ல ஆசை. தேக்கு உத்திரத்தின் மேல் குறுக்குக் கட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டில் வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே பலகை முட்டு கிடையாது. ஒரு வரிசை இறுகி அடுத்த வரிசையைத் தாங்கும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். கட்டை மேலே எழும்பித் துள்ளும் வரையில் தட்ட வேண்டும் என்று தாத்தா சொல்வார். கடைசியில் தட்டையான ஓடு பதிப்பார்கள். இவ்வளவு கனமான தளம் வெயிலைக் கீழே விடச் சாயங்காலம் ஆகிவிடும். அந்த நேரத்தில் நூலகமும் மூடிவிடும். ரீகலுக்குத்தான் அந்தச் சூடு போயிருக்கும்!

இப்போது என் குறை. எங்கள் பக்கத்தில் ஒரு பழைய சுண்ணாம்புக் காரை வீட்டில் ஒரு சிறிய நூலகம் இயங்குகிறது. ஊர் பெயர் வேண்டாம். சுவரின் அடியில் பூச்சு உதிர்ந்ததைப் பார்த்துச் சில ஆண்டுகளுக்கு முன் நான்கு அடி உயரத்துக்குச் சிமெண்டுப் பூச்சு பூசி, பளபளப்பான பெயிண்டும் அடித்தார்கள். அப்பா அப்போதே வேண்டாம் என்றார். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், மேற்பரப்பு வழியாக வெளியே விட்டும் விடும். சிமெண்டும் பெயிண்டும் அந்த வாயை அடைத்துவிடுகின்றன. ஈரம் வெளியேற வழி தேடி மேலே ஏறும். மூன்றாவது மழைக்காலத்தில் சிமெண்டுப் பூச்சு முடிந்த கோட்டுக்கு மேலே ஓதம் தெரிந்தது. உள்ளே செங்கல் உப்புப் பூத்துப் பொரிந்துகொண்டிருக்கிறது. அந்தச் சுவரோரம் இருந்த அலமாரியின் கீழ்த் தட்டு நூல்களை இரண்டு முறை மாற்றி வைத்துவிட்டார்கள். பழைய கட்டடம் ஈரமாகத்தான் இருக்கும் என்று அங்கே வருகிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அந்த வீடு அறுபது ஆண்டுகள் உலர்ந்துதான் இருந்தது.

மாடக்குளம் மாணவி

அண்ணன் எழுதியதை எங்கள் வகுப்புக்குப் படித்துக் காட்டப் போகிறேன். சுவர் வழியாகவும் காற்றுப் போக்கு வழியாகவும் ஈரம் வெளியேறும்படி கட்டப்பட்ட கட்டடத்தில், சன்னலை அடைத்துக் குளிர்சாதனம் பொருத்துவதும் இதே தவற்றின் இன்னொரு வடிவம்தானா என்று கேட்க விரும்புகிறேன். உயரமான கூரையின் கீழ் சூடான காற்று மேலே ஏறி வெண்டிலேட்டர் வழியாக வெளியேறும். தாழ்வான சன்னல்கள் வழியாக ஓரளவு குளிர்ந்த காற்று உள்ளே வரும். பொய்க்கூரை போட்டு அந்த உயரத்தை மறைத்துவிட்டால் கட்டடத்தின் மூக்கைப் பொத்தியதாகிறது அல்லவா?

தெப்பக்குளத்து நூலகர்

அரை நாள் மட்டும் ஓடும் குளிர்சாதனம் ஓடாமலே இருப்பதைவிட மோசம், மகளே. தாளுக்குப் பிடித்தது காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை, அதுவும் ஏற்ற இறக்கம் இல்லாமல். காலை பத்து மணிக்குக் குளிரவைத்து, மாலை ஐந்து மணிக்கு நிறுத்திவிட்டுப் போனால், இரவில் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே புகுந்து, குளிர்ந்து கிடக்கும் அட்டையில் படியும். பூஞ்சணத்துக்கும் இராமபாணப் பூச்சிக்கும் நாமே விருந்து வைத்ததாகும். இரவும் பகலும் தடையின்றி ஓட்ட முடிந்தால் குளிர்சாதனம் வையுங்கள். முடியாத இடத்தில் பழைய வெண்டிலேட்டரைத் திறந்து, கொசுவலை அடித்து, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள் என்பேன். மதுரை கடலோரம் அன்று. ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்தால் ஆண்டில் பெரும்பகுதி நம் காற்று தாளுக்குப் பகையானது அன்று. கன்னிமாராவைவிட நமக்கு இயற்கை கொடுத்திருக்கும் ஒரே சலுகை இதுதான்.

கீழமாசி வாசகன்

அப்படியானால் பழைய கட்டடத்தில் எதை வைப்பது? விடையை ஒரு வரியில் சொல்லுங்கள்.

வைகைக்கரையான்

ஒரு வரியில் வராது, முயல்கிறேன். கனமான தொகுப்பும் போட்டித் தேர்வுக் கூட்டமும் புது நத்தம் சாலைக்குப் போகட்டும். உங்கள் தங்கை அங்கேயே படிக்கட்டும். பழைய கூடங்களுக்கு நாளிதழ், பருவ இதழ், ஊர் வரலாறு, மாலையில் ஒரு சொற்பொழிவு போதும். நான்மாடக்கூடல் முதலில் சொன்னதுபோல், மேல வெளி வீதிக் கட்டடம் மன்றமாகப் பிறந்தது. நூலகம் மட்டுமாக அதை ஆக்க வேண்டும் என்று நான் நினைத்ததே தவறோ என்று இப்போது தோன்றுகிறது. கன்னிமாரா கூடத்தை அளவுகோலாகக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினேன். அந்த அளவுகோல் இங்கே பொருந்தவில்லை. பகலில் வாசிப்பு, இரவில் கூட்டம் என்று ஒரே கூடத்தை இரண்டு வேலைக்குப் பழக்கிய ஊர் நம் ஊர் என்பதையும் ஒரு கட்டடக் கலை மரபாகவே எடுத்துக்கொள்ளலாம்.

திருமங்கலத்துத் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். அந்தச் சிறிய நூலகத்தின் சுவரில் ஓதம் இப்போது எந்த உயரத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில், நூலகரிடம் கேட்டுக்கொண்டு, பென்சிலால் ஒரு கோடு இழுத்துத் தேதி எழுதி வையுங்கள். சிமெண்டுப் பூச்சை ஓரிடத்தில் மட்டும், ஒரு முழ அகலத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசச் சொல்லுங்கள். அடுத்த மழைக்காலத்தில் இரண்டு இடங்களையும் ஒப்பிட்டால், அப்பா சொன்னதற்குச் சுவரே சாட்சி சொல்லும்.

கொத்தனார் மகன், திருமங்கலம்

நேற்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கோடு இழுத்துவிட்டேன், ஐயா. தரையிலிருந்து நான்கே முக்கால் அடி. நூலகர் அம்மா முதலில் தயங்கினார். அப்பா சுவரில் விரலை வைத்து உப்பைத் தொட்டுக் காட்டிய பிறகு, கொத்துவதற்கு மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். சுண்ணாம்பை அப்பா இப்போதே நீற்றிப் போட்டுவிட்டார். அனுமதி வரும் வரையில் அது தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கட்டும், எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு நல்லது என்கிறார்.